உங்கள் காண்டல், எனக்கு உரை: கடவுள் நம்பிக்கையும் சான்றும்

"கடவுள் இருக்கிறார் என்றால் காட்டு, பார்க்கலாம்" என்பார் ஒருவர். "காற்றைக் காட்ட முடியுமா? பல்வலியைக் காட்ட முடியுமா? அது மாதிரிதான் இதுவும்" என்பார் எதிரில் இருப்பவர். டீக்கடை பெஞ்சிலிருந்து கல்யாணப் பந்தி வரைக்கும் இந்தப் பேச்சு இதே வரிசையில்தான் போகிறது. கடைசியில் ஒருவர் "அது என் நம்பிக்கை, விட்டுடுங்க" என்று எழுந்துவிடுவார். மற்றவர் "அப்போ சான்று இல்லைன்னு ஒத்துக்கோ" என்பார். இருவருக்கும் கோபம்தான் மிச்சம்.

கடவுள் உண்டா இல்லையா என்று இந்தக் கட்டுரை தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்தக் கேள்விக்குள் இறங்குவதற்கு முன் தெளிய வேண்டிய ஒன்று இருக்கிறது. நம்பிக்கை என்ன வேலை செய்கிறது, சான்று என்ன வேலை செய்கிறது, ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் ஏன் குழப்பம் வருகிறது என்பதுதான் அது. இதைத் தெளிவாக யோசிக்க நம் மொழியில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சொற்கள் இருக்கின்றன. நாம்தான் அவற்றை எடுத்துப் பயன்படுத்துவதில்லை.

காற்றும் பல்வலியும் ஒன்றல்ல

முதலில் அந்த இரண்டு உதாரணங்களையும் பிரித்துப் பார்ப்போம். ஒரே மூச்சில் சொல்லப்பட்டாலும் அவை வேறு வேறு.

காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, சரி. ஆனால் காற்றுக்குச் சான்று ஏராளம். கொடியில் காயும் வேட்டி பறக்கிறது, சைக்கிள் டியூப் உப்புகிறது, வானிலை நிலையத்தில் அதன் வேகத்தை அளந்து எழுதிவைக்கிறார்கள். சந்தேகம் உள்ளவர் யாரும் போய்ச் சரிபார்க்கலாம். ஆகவே காற்றை உதாரணம் காட்டுகிறவர், நேரில் காண முடியாததையும் அதன் விளைவுகளை வைத்து நிறுவலாம் என்கிறார். அதாவது சான்று வேண்டும் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். அப்புறம் "சான்று கேட்காதே" என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

பல்வலி வேறு. வலிக்கிறவருக்குத் தன் வலிக்குச் சான்று தேவையில்லை. "உனக்கு உண்மையிலேயே வலிக்கிறதா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்" என்று யாரும் அவரிடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் "இந்தக் கடைவாய்ப் பல்லில் சொத்தை" என்றால் நிலைமை மாறுகிறது. இப்போது அவர் பேசுவது வலியைப் பற்றியல்ல, வலிக்கான காரணத்தைப் பற்றி. அதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் சொத்தை பக்கத்துப் பல்லில் இருப்பதும் உண்டு. வலி பொய்யில்லை, காரணம் சொன்னதில்தான் பிழை.

இந்தக் கட்டுரை முழுக்க நமக்குத் துணை வரப்போவது இந்தப் பல்வலிதான். ஓர் அனுபவம் உண்டா என்பது ஒரு கேள்வி. அந்த அனுபவத்துக்கு எது காரணம் என்பது இன்னொரு கேள்வி. பூஜை அறையில் கண்ணை மூடி உட்கார்ந்தவருக்குள் ஓர் அமைதி இறங்கியது என்றால், அந்த அமைதியை மறுக்க எனக்கு உரிமை இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லும்போதுதான் எக்ஸ்ரேயின் வேலை தொடங்குகிறது.

அறிவதற்கு மூன்று வழி

ஒன்றை நாம் எப்படி அறிகிறோம், அந்த அறிவு சரிதானா என்று அளந்து பார்க்கும் கருவிக்குத் தமிழில் அளவை என்று பெயர். வடமொழியில் பிரமாணம் என்பார்கள். அளவைகள் எத்தனை என்பதிலேயே பெரிய சண்டை உண்டு. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் பேசும் இடத்தில், ஆசிரியர்களில் வேதவியாதன் பத்து என்றும் கிருதகோடி எட்டு என்றும் சைமினி ஆறு என்றும் சொன்னதாக ஒரு கணக்கு வருகிறது. பௌத்தர்கள் இரண்டு போதும் என்றார்கள். சைவ சித்தாந்தத்தின் சிவஞான சித்தியார், பிறர் சொல்லும் எண்ணிக்கைகளை எல்லாம் அடுக்கிவிட்டு, எல்லாம் மூன்றுக்குள் அடங்கிவிடும் என்கிறது. நமக்கும் அந்த மூன்று போதும்.

காண்டல் என்பது நேரடியாக அறிவது. கருதல் என்பது ஒன்றைக் கண்டு, அதனோடு எப்போதும் சேர்ந்து வரும் இன்னொன்றை அறிவது. மலையில் புகையைப் பார்த்து அங்கே நெருப்பு உண்டு என்பது பள்ளிக்கூடக் காலத்து உதாரணம். உரை என்பது நம்பத்தகுந்த ஒருவர் சொல்ல அறிவது. வேதமும் ஆகமமும் இந்த மூன்றாவது இனத்தில் வரும். செய்தித்தாளும் டாக்டர் எழுதித் தரும் ரிப்போர்ட்டும் இதே இனம்தான்.

சித்தியார் காண்டலையே நான்காகப் பிரிக்கிறது. ஐம்பொறிகளால் காண்பது, மனத்தால் காண்பது, தன் இன்ப துன்பத்தைத் தானே உணர்வது, யோகிகள் காண்பது. மூன்றாவதற்குத் தன்வேதனைக் காட்சி என்று பெயர். நம் பல்வலி அச்சு அசலாக இதுதான். காண்டல் என்று ஏற்க அது இன்னொரு நிபந்தனையும் போடுகிறது: ஐயமும் திரிவும் இருக்கக் கூடாது. அதுவா இதுவா என்ற தடுமாற்றம் ஐயம். கயிற்றைப் பாம்பாகப் பார்ப்பது திரிவு. "நான் பார்த்தேன்" என்ற ஒரே சொல்லோடு விஷயம் முடிவதில்லை என்பதைச் சிவபக்தர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். சான்று கேட்பது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

வஞ்சியில் ஒரு வாக்குவாதம்

மணிமேகலையின் 27-ஆவது காதையில் வரும் ஒரு சிறு உரையாடலை நான் மிகவும் மதிக்கிறேன். மணிமேகலை ஒரு தவசியின் வடிவம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில், பூதங்களே உலகம் என்னும் பூதவாதி வருகிறான். கண்ணால் காண்பது மட்டுமே அளவை, கருதலை ஏற்க முடியாது என்பது அவன் கட்சி. மணிபல்லவத் தீவில் தன் முற்பிறப்பை அறிந்துகொண்டவள் அவள். அவன் பேச்சைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வருகிறது. தன் முற்பிறப்பை அறிந்ததைச் சொல்கிறாள்.

அதற்கு அவன் சொல்லும் பதில் இன்றைக்கும் புதிது. தெய்வ மயக்கம் ஏறியவர்களும் கனவு கண்டவர்களும் மனம் மாறிப் பேசுவது போலத்தான் இதுவும், இது ஐயத்துக்கு உரியது என்கிறான். அவளும் விடவில்லை. "உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?" என்று திருப்பிக் கேட்கிறாள். அனுமானம் என்பது கருதல்தான். பிறந்த கணத்தை யாரும் கண்ணால் பார்த்து நினைவில் வைத்திருப்பதில்லையே.

இந்த இடத்தில் அவசரப்பட்டு யார் ஜெயித்தார் என்று சொல்லிவிடக் கூடாது. காண்டல் மட்டுமே அளவை என்ற அவன் விதி உடைந்துவிட்டது. அந்த விதியோடு யாரும் ஒரு நாள்கூட வாழ முடியாது. "கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்" என்று இன்று சொல்பவர்களுக்கும் அவள் கேள்வி பொருந்தும். ஆனால் அவள் முற்பிறப்பைப் பற்றி அவன் எழுப்பிய ஐயம் அப்படியே நிற்கிறது. கருதலும் ஓர் அளவைதான் என்று அவள் காட்டினாளே தவிர, தன் அனுபவம் மயக்கமல்ல என்று அவனுக்குக் காட்டவில்லை. காட்டவும் வழியில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

கை மாறும்போது நடப்பது

உங்களுக்குப் பல் வலிக்கிறது. அது உங்களுக்குக் காண்டல். நீங்கள் என்னிடம் சொல்கிறீர்கள். அந்தக் கணத்தில், அதே செய்தி, எனக்கு உரையாகிவிடுகிறது. உங்கள் வலி என் வாய்க்குள் வருவதில்லை. உங்கள் சொல்தான் என் காதுக்கு வருகிறது. நான் எடைபோட வேண்டியது அந்தச் சொல்லை.

இதில் உங்களை அவமதிக்கும் எண்ணம் எதுவும் இல்லை. செய்தி கை மாறும்போது அளவையும் மாறுகிறது, அவ்வளவுதான். அனுபவித்தவரிடம் இருந்த உறுதி கேட்டவரிடம் அதே அளவில் வந்து சேராது. பெரும்பாலான சண்டை இங்கேதான் பிறக்கிறது. சொன்னவர், "நானே உணர்ந்தேன் என்கிறேன், இன்னும் என்ன வேண்டும்?" என்று மனம் நோகிறார். கேட்டவர், "எனக்கு விளங்காதது உனக்கு எப்படி உறுதியாகத் தெரியும்?" என்று எரிச்சல்படுகிறார். முதலாமவர் தன் காண்டலை எதிரில் இருப்பவருக்கும் காண்டல் என்று நினைக்கிறார். இரண்டாமவர் தனக்கு உரையாக வந்ததை அவருக்கும் உரை என்று நினைக்கிறார்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளிவந்த தன் நூலில், சமய அனுபவங்களை வரிசையாக ஆராய்ந்துவிட்டு இதே இடத்துக்குத்தான் வந்தார். அத்தகைய அனுபவம் பெற்றவருக்கு அது அதிகாரம் உள்ளதாகவே இருக்கும், இருக்கவும் உரிமை உண்டு. பெறாதவர் அதை ஆராயாமல் ஏற்க வேண்டும் என்ற கடமை ஏதும் இல்லை.

இதை வாழ்ந்து காட்டியவர் என்று நான் நினைப்பது பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல். 1654 நவம்பர் 23 இரவு, சுமார் பத்தரை மணியிலிருந்து நள்ளிரவு பன்னிரண்டரை வரை அவருக்கு ஏதோ ஒன்று நேர்ந்தது. அதை ஒரு தாளில் குறித்துவைத்தார். "நெருப்பு" என்ற ஒற்றைச் சொல் அதில் தனி வரியாக நிற்கிறது. தத்துவவாதிகளின் கடவுள் அல்ல, ஆபிரகாமின் கடவுள் என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பைத் தன் மேலங்கியின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662-இல் அவர் இறந்த பிறகு வேலைக்காரர் ஒருவர் கண்டெடுத்த பின்தான் வெளியே தெரிந்தது. எட்டு ஆண்டுகள் அதை உடம்போடு வைத்திருந்தவர், யாரிடமும் அதைச் சான்றாக நீட்டவில்லை. பிறரிடம் வாதாட வேண்டி வந்தபோது வேறு வகை வாதம் செய்தார். கடவுள் உண்டு என்று பந்தயம் கட்டினால் தோற்றாலும் இழப்பு சிறிது, ஜெயித்தால் வரவுக்கு எல்லை இல்லை என்ற புகழ்பெற்ற வாதம் அது. அதுவும் கடவுள் இருப்பதற்குச் சான்று அல்ல. எந்தப் பக்கம் நின்று வாழ்வது நல்லது என்ற கணக்கு அது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். அனுபவம் வேறு, அதற்குச் சொல்லும் காரணம் வேறு. ஒருவருடைய காண்டல் மற்றவருக்கு உரை. ஆகவே "எனக்கு நம்பிக்கை உண்டு" என்பதற்கான காரணமும், "நீங்களும் நம்ப வேண்டும்" என்பதற்கான காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

எது சான்று?

நம் நம்பிக்கையோடு ஒத்துப்போகிற செய்தி எல்லாம் சான்று ஆகிவிடாது. ஒரு கூற்று உண்மையாக இருந்தால் எதிர்பார்க்கக் கூடியதாகவும், பொய்யாக இருந்தால் அவ்வளவாக எதிர்பார்க்க முடியாததாகவும் உள்ள செய்திதான் அந்தக் கூற்றுக்குச் சான்று. இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி நடக்கக் கூடியது எதையும் நிறுவாது.

வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் அங்கே காணிக்கைப் பொருள்களின் காட்சியகத்தைப் பார்த்திருப்பார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் நன்றியோடு கொடுத்த வெள்ளி உருவங்கள், தங்கத்தில் செய்த சிறு பொருள்கள், கடிதங்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருக்கிறது. அந்த நன்றி உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் வேண்டிக்கொண்டும் கிடைக்காதவர்கள் அங்கே எதையும் வைத்துவிட்டுப் போவதில்லை. அவர்களுக்குக் காட்சியகம் இல்லை.

இதைப் பழைய கிரேக்கத்திலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். டயகோரஸ் என்ற நாத்திகருக்கு, தெய்வத்திடம் வேண்டிப் புயலில் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த ஓவியங்களைக் காட்டினார்களாம். மூழ்கிப்போனவர்களின் ஓவியங்கள் எங்கே என்று அவர் கேட்டார். ரோமாபுரியின் எழுத்தாளர் சிசரோ இதைப் பதிவுசெய்திருக்கிறார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது வேளாங்கண்ணிப் பேராலயம் தப்பியதைப் பலர் அற்புதம் என்றார்கள். அதே நாளில், அதே ஊரில், கடற்கரைப் பக்கம் இருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். சான்று என்று எண்ண உட்கார்ந்தால் இரண்டையும் எண்ண வேண்டும்.

அதாவது நான்கு கணக்கு வேண்டும். வேண்டியவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை. வேண்டாதவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை. நமக்கு நினைவில் நிற்பது முதல் கணக்கு மட்டும்தான். இது பக்தர்களுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். போலிச் சாமியார் ஒருவர் பிடிபட்டதும் "பார்த்தாயா, எல்லாமே மோசடி" என்பவரும் ஒரே ஒரு கணக்கை மட்டும்தான் பார்க்கிறார்.

நான்கு கணக்கையும் எடுக்க முயன்ற ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். அவர்களில் இரண்டு குழுக்களுக்காக, முன்பின் அறியாத கிறிஸ்தவர்கள் ஜெபித்தார்கள். ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில், ஜெபம் கிடைத்தவர்களுக்கு 52 சதவீதமும் கிடைக்காதவர்களுக்கு 51 சதவீதமும் அறுவைக்குப் பின் சிக்கல்கள் வந்தன. கிட்டத்தட்ட ஒன்றேதான். மூன்றாவது குழுவுக்கு, உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லியே ஜெபித்தார்கள். அவர்களுக்குச் சிக்கல்கள் 59 சதவீதம்.

இதிலிருந்து என்ன சொல்லலாம்? கடவுள் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது என்று சிலர் துள்ளினார்கள். அது அதிகப்படி. கடவுள் ஆய்வுக்கூடத்துக்குக் கட்டுப்பட்டவரா என்று சிலர் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் அப்படிக் கேட்டவர் நாளைக்கு "எங்கள் ஜெபத்தால் இதய நோயாளிகள் சீக்கிரம் குணமாகிறார்கள்" என்று சொல்லக் கூடாது. சோதிக்கக் கூடிய கூற்றாக இருந்தால் தோற்கவும் இடம் உண்டு. சோதனைக்கு அப்பாற்பட்டது என்றால் சோதனையில் ஜெயித்ததாகவும் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

கருதல் வழியாகக் கடவுளை எட்டலாமா?

நேரில் காணாவிட்டால் என்ன, புகையை வைத்து நெருப்பை அறிவது போல உலகத்தை வைத்துக் கடவுளை அறியலாமே என்ற வாதம் மிகப் பழையது, வலுவானதும்கூட.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே இந்த வாதம்தான். "அவன் அவள் அது எனும் அவை" என்று தொடங்குகிறது. ஆண், பெண், மற்றவை என்று சுட்டப்படும் இந்த உலகம் தோன்றி, நின்று, அழிகிறது. தோன்றியது என்றால் தோற்றுவித்தவன் வேண்டும். எல்லாம் ஒடுங்கும்போது எஞ்சி நிற்பவனே எல்லாவற்றுக்கும் தொடக்கம். பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட ஒரு சமய நூல், "நம்பு" என்று தொடங்காமல் ஒரு கருதலோடு தொடங்குகிறது. எனக்கு இது பெருமை தரும் விஷயம்.

மெய்கண்டாருக்கு முன்பே மிதிலையில் உதயணர் என்ற நியாய அறிஞர் இதை விரிவாகச் செய்திருந்தார். நியாயம் என்பது தருக்கத்தை அடித்தளமாகக் கொண்ட தத்துவப் பள்ளி. குடம் என்ற விளைவுக்குக் குயவன் வேண்டும், உலகமும் ஒரு விளைவு, ஆகவே அதற்கும் செய்தவன் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சுருக்கம். பூரி ஜெகந்நாதர் கோயிலுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்ததாம். பௌத்தர்கள் உன்னை இல்லை என்று வாதிட வரும்போது நீ இருப்பதே என்னை நம்பித்தான் என்று பெருமாளிடமே சொன்னார் என்று ஒரு கதை வழங்குகிறது.

இந்த வாதத்தை மிகக் கூர்மையாக மறுத்தவர்களில் ஒருவர் நாத்திகர் இல்லை. ஸ்ரீரங்கத்து ராமானுஜர். வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய விளக்கத்தில், கருதலால் ஈசுவரனை நிறுவ முடியாது என்று பக்கம் பக்கமாக வாதிடுகிறார். குடத்தை வைத்து அறியக் கூடிய குயவன் எப்படிப்பட்டவன்? உடம்பு உள்ளவன், அறிவில் குறை உள்ளவன். பெரிய மாளிகையை ஒருவரே கட்டுவதில்லை, பலர் சேர்ந்து கட்டுகிறார்கள். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில், ஒருவராலேயே செய்யப்பட்டது என்பதற்கு என்ன சான்று? குயவனிலிருந்து கருதிக்கொண்டே போனால், எல்லாம் அறிந்த, குறையே இல்லாத ஒருவனிடம் போய்ச் சேர முடியாது. சாத்திரம் ஒன்றே வழி, அதாவது உரை என்ற அளவைதான் வழி என்பது அவர் முடிவு. ஸ்காட்லாந்தின் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் மறைந்த பின் 1779-இல் வெளியான நூலில், வீடும் கப்பலும் பலர் சேர்ந்து கட்டுபவைதானே என்று ஏறக்குறைய இதே கேள்வி வருகிறது. ஒருவர் ஆழ்ந்த பக்தர், மற்றவர் சந்தேகவாதி. கருதலின் எல்லை எது என்பதில் இருவருக்கும் ஒரே கண்.

நெருப்பையும் புகையையும் நாம் பலமுறை சேர்த்துப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் அந்தக் கருதல் நிற்கிறது. உலகங்கள் செய்யப்படுவதை யாரும் பலமுறை பார்த்ததில்லை. உதயணர் தரப்பு, "உலகம் என்று பார்க்காதே, விளைவு என்று பார், விளைவுகளைத் தினமும் பார்க்கிறோமே" என்று பதில் சொல்லும். எனக்கு ராமானுஜர் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. அவர் கடைசியில் போய் நிற்கும் உரைக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது, யாருடைய உரை என்று. வேதத்தை முழுமையாக ஏற்ற மீமாம்சைப் பள்ளியின் குமாரில பட்டர், உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை என்றே வாதிட்டார். ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு இருவர் எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

"காணவில்லை, எனவே இல்லை" சரியா?

எதிர்ப்பக்கத்தையும் இதே அளவையால் அளக்க வேண்டும். மேசைமேல் யானை இல்லை என்று எப்படித் தெரியும்? இருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை. காணாமையை வைத்து இன்மையை அறியும் இந்த வழிக்கு அபாவம் என்று பெயர். மேசைமேல் கிருமி இல்லை என்று இதே வழியில் சொல்ல முடியாது. இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. காணத்தக்க ஒன்றைக் காணாமல் போனால்தான் அது இல்லை என்பதற்குச் சான்று என்று உதயணர் இதைப் பிடித்துக்கொண்டார்.

ஆக, கேள்வி கடவுள் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கேட்டதை எல்லாம் உடனே தருபவர், குழந்தைகளைக் கொடிய நோயிலிருந்து எப்போதும் காப்பவர் என்று சொன்னால், அந்தக் கடவுள் காணத்தக்கவர். மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு அதற்கு எதிரான சான்று. உருவமும் குணமும் கடந்தவர், உலகில் தலையிடாதவர் என்று சொன்னால் எந்தச் சான்றும் எதிராகாது, ஆதரவாகவும் ஆகாது. நம்மில் பலர் ஆபத்து வரும்போது முதல் கடவுளையும், விவாதம் வரும்போது இரண்டாவது கடவுளையும் பேசுகிறோம். இதை மட்டும் நிறுத்தினாலே பாதிச் சண்டை குறையும்.

பரமதத்தன் பார்த்தது

சரி, மறுக்க முடியாத சான்றே ஒருவருக்குக் கிடைத்துவிட்டால்? சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார், காரைக்கால் அம்மையாரின் கணவர் பரமதத்தன்.

வீட்டுக்கு அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதியார் (அம்மையாரின் இயற்பெயர்) கொடுத்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்த கணவன் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதையும் கேட்கிறான். அவர் உள்ளே போய் இறைவனை நினைக்க, கையில் ஒரு கனி வந்து சேர்கிறது. அதன் சுவை வேறாக இருப்பதைக் கண்டு, இது எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். அவர் உண்மையைச் சொல்கிறார். அவன் நம்பவில்லை. அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான்.

அவன் கேட்டது தவறே இல்லை. சுவை அவனுக்குக் காண்டல். அது இறைவன் தந்தது என்பது மனைவியின் உரை. அந்த உரையைச் சோதிக்க மறுபடியும் செய்து காட்டச் சொல்கிறான். ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதைத்தான். அம்மையார் மீண்டும் வேண்ட, இன்னொரு கனி வருகிறது. அவன் கையில் வாங்கியதும் மறைந்துவிடுகிறது. நடுங்கிப்போகிறான். மனைவியைத் தெய்வம் என்று நினைத்து ஒதுங்கி, கப்பலேறி வேறு ஊர் போய், பாண்டிநாட்டில் வேறு திருமணம் செய்துகொள்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். தேடி வந்த முதல் மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுகிறான்.

கதை உண்மையில் நடந்ததா என்பது இங்கே நமக்கு முக்கியமில்லை. அது காட்டும் வேறுபாட்டைப் பாருங்கள். பரமதத்தனுக்குச் சான்று கிடைத்தது. தெய்வம் உண்டு என்று ஏற்றும்கொண்டான். ஆனால் அவனுக்கு வந்தது அச்சம். அம்மையாருக்கு அந்தச் சான்று எதுவும் முன்கூட்டித் தேவைப்படவில்லை. பசித்தவருக்குப் பழத்தை எடுத்துக் கொடுத்தபோதே அவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிட்டது. கடவுள் இருக்கிறார் என்று ஏற்பது ஒன்று, அவரைச் சார்ந்து வாழ்வது இன்னொன்று. சான்று முதலாவதைத்தான் தர முடியும். பக்தர்கள் நம்பிக்கை என்று பேசும்போது பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்கிறார்கள். நாத்திகர்கள் கேட்பது முதலாவதை. அதனால்தான் ஒருவர் பதில் மற்றவரின் கேள்விக்குப் போய்ச் சேருவதே இல்லை.

எப்போது சான்று கேட்டே ஆக வேண்டும்?

பாட்டி தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறார். அவரிடம் போய்ச் சான்று எங்கே என்று கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அவர் யாரையும் எதையும் ஏற்கச் சொல்லவில்லை. அது அவருடைய சார்ந்து வாழ்தல்.

ஒரு நம்பிக்கை இன்னொருவரின் உடம்பையோ உரிமையையோ பணத்தையோ தொடும்போது கதை மாறுகிறது. அங்கே அது "என் நம்பிக்கை" என்ற வேலியைத் தாண்டிப் பொது இடத்துக்கு வந்துவிட்டது. பொது இடத்தில் பொதுச் சான்று வேண்டும். இந்திய அரசமைப்பின் 25-ஆம் பிரிவு மனச்சாட்சியின் சுதந்திரத்தையும் மதத்தைப் பின்பற்றும் உரிமையையும் தருகிறது. தரும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமை என்கிறது. 1954-இல் வந்த மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் இன்னும் துல்லியமாகக் கோடு போடுகிறது. தாயத்து கட்டிக்கொள்வதை அது தடுக்கவில்லை. கடவுள் உண்டா என்றும் கேட்கவில்லை. இந்தத் தாயத்து சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைத்தான் குற்றம் என்கிறது.

அப்படி ஒரு வாக்கை நம்பி யாராவது வீட்டில் மாத்திரையை நிறுத்தியிருந்தால், கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தை அன்றைக்குத் தொடங்க வேண்டாம். கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். மாத்திரை வேண்டாம் என்று சொன்னது யார், அவருக்கு அது எப்படித் தெரியும், இந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை தெரிய ரத்தப் பரிசோதனைக்குக் கூடவே நீங்களும் போய் வாருங்கள்.